பைபாஸ் ஆன அப்பாவுக்குக் 'கடல் மருந்து' டப்பா: தொடரலாமா, நிறுத்தலாமா?

கூடுதாழை மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. கூடுதாழையில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்தவர். ஏழு மாதத்துக்கு முன்னால் பைபாஸ் ஆனது. மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு. இப்போது கடலுக்குப் போவதில்லை. விடியற்காலையில் கரையில் போய் நின்று, படகு ஏறுவதைப் பார்த்து, பாடு எப்படி என்று விசாரித்துவிட்டு வீட்டுக்கு வருவார். நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊருக்குப் போகும்போதுதான் அவருடைய மாத்திரைகளைப் பார்ப்பேன்.

போன வாரம் பார்த்தபோது, ராத்திரி போட வேண்டிய கொழுப்பு மாத்திரை அட்டையில் பத்துக் குமிழும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட உடைக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளை டப்பா. வள்ளியூரில் ஏதோ மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்றிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். 60 குளிகை, 1,850 ரூபாய். லேபிளில் 'கடற்பாசிச் சாறு, மீன் எண்ணெய், கடல் அட்டை' என்று போட்டிருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை. "இதைச் சாப்பிட்டால் கொழுப்பு மாத்திரை தேவையில்லை" என்று சொன்னார்களாம். அப்பா நம்பிவிட்டார். இரண்டு மாதமாக இதுதான் ஓடுகிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். கெட்ட கொழுப்பு 62-ல் இருந்தது, இப்போது 131. ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 228. இன்னொன்று, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று அம்மா சொல்கிறார். ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற இரண்டு மாத்திரைகளை மட்டும் அப்பா விடாமல் போடுகிறார்.

கோபப்பட்டேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏட்டி, நாப்பது வருசம் சோறு போட்ட கடலு மருந்து தராதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவரை ஏமாளி என்று சொல்லவும் மனசு வரவில்லை. உண்மையிலேயே இதயத்துக்குக் கடலிலிருந்து மருந்து உண்டா? மீன் எண்ணெய் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவரி நெய்ச்சாளை எழுதியது:

தங்கச்சி, கடலில் மருந்து இல்லாமல் இருக்காது. எங்கள் ஆச்சி சுறா ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்துப் பிள்ளைகளுக்கு இருமலுக்குக் கொடுப்பார். ஒரு கரண்டி எண்ணெய், மேலே ஒரு துண்டு கருப்பட்டி. நாங்கள் யாரும் நோஞ்சானாக வளரவில்லை. கிரீன்லாந்து என்று பனி நாட்டில் மீனும் கடல்நாய்க் கறியும் தின்கிறவர்களுக்கு மாரடைப்பே வராது என்று படித்திருக்கிறேன். டப்பாவை விடுங்கள், நல்ல சுறா எண்ணெய் நான் வாங்கித் தருகிறேன்.

முருகன்குறிச்சி அண்ணாச்சி எழுதியது:

தங்கச்சி, முதலில் அவசரமான காரியம். ஈறில் ரத்தம் வருவதை டாக்டரிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை போடுகிறவர், அதே வேலையைச் செய்யக்கூடிய பாசிச் சாற்றையும் அளவு தெரியாமல் சேர்த்து எடுக்கக் கூடாது. டப்பாவை இன்றே நிறுத்துங்கள். அந்த இரண்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொழுப்பு மாத்திரையை இன்று ராத்திரியே தொடங்கச் சொல்லுங்கள்.

இனி அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. நான் 19 வருடம் இதய அறுவை அரங்கில் ஹார்ட்-லங் மெஷின் ஓட்டியவன். பெர்ஃபியூஷனிஸ்ட் என்பார்கள். அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: கடல் அவருக்கு ஏற்கெனவே மருந்து கொடுத்துவிட்டது. மெஷினில் போட்டுச் செய்த பைபாஸ் என்றால், அநேகமாக அது அவர் உடம்புக்குள் போயிருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை வெளியே குழாய் வழியாக எங்கள் மெஷினுக்குக் கொண்டுவருவோம். பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும் ரத்தம் கட்டிதட்டப் பார்க்கும். அதனால் முன்கூட்டியே ஹெப்பாரின் போடுவார்கள். வழக்கமாக கிலோவுக்கு 300 யூனிட். அப்பா 60 கிலோ என்று வைத்தால் 18,000 யூனிட். பிறகு ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்று ஒரு சின்னக் கருவியில் பார்ப்போம், அதற்கு ஏ.சி.டி. என்று பெயர். சாதாரணமாக 120 விநாடி அளவில் இருக்கும். அது 480-ஐத் தாண்டினால்தான் மெஷினைத் தொடங்க விடுவோம்.

எல்லாக் குழாயும் ஒட்டுப்போட்டு முடிந்து, இதயம் தானாகத் துடிக்க ஆரம்பித்து, மெஷினிலிருந்து பிரித்த பிறகு ஒரு சிக்கல். ரத்தம் இப்போது தண்ணீர் மாதிரி ஓடும். தையல் ஓட்டையெல்லாம் கசியும். அந்த ஹெப்பாரினை முறிக்க ஒரு மருந்து வேண்டும். அதுதான் புரோட்டமின். காலங்காலமாக அதை எடுப்பது சால்மன் மீனின் விந்திலிருந்து. 1874-ல் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பாசல் நகரில் ரைன் ஆற்றுச் சால்மனின் விந்தை ஆராய்ந்தபோது கண்டுபிடித்த பொருள் அது. அந்த மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி வருவது. ஹெப்பாரினை அது முறிக்கும் என்று தெரிந்தது 1930-களில். ஹெப்பாரினுக்கு எதிர்மின்சுமை, புரோட்டமினுக்கு நேர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, ஹெப்பாரின் செயலற்றுப் போகிறது.

அந்த நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். மயக்க மருந்து டாக்டர் "புரோட்டமின் ஆரம்பிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்து ஓரளவு உள்ளே போனதும் ரத்தத்தை உறிஞ்சும் என் சக்கரங்களை நிறுத்தியாக வேண்டும்; புரோட்டமின் கலந்த ரத்தம் மெஷினுக்குள் வந்தால் உள்ளேயே உறைந்துவிடும், மறுபடி மெஷின் தேவைப்பட்டால் கதை முடிந்தது. 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம் என்று கணக்கு. அப்பாவுக்கு 180 மில்லிகிராம் வரும். அதைச் சொட்டுச் சொட்டாக, பத்து நிமிடம் போல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் தரைக்குப் போகும். எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். பிறகு நெஞ்சுக்குள் பார்த்தால், அதுவரை கசிந்துகொண்டிருந்த இடத்தில் செர்ரிப் பழ நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் பிடித்திருக்கும். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஆபரேஷனுக்கு முன்னால் "மீன் ஒத்துக்கொள்ளுமா" என்று கேட்டிருப்பார்கள், அப்பாவுக்கு ஞாபகம் இருக்கலாம். காரணம் இதுதான். கூடுதாழைக்காரரிடம் அதைக் கேட்டால் சிரித்திருப்பார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பொருள்தான். பத்து நிமிடத்தில் ஏற்றினால் மருந்து, ஒரே மூச்சில் ஏற்றினால் ஆளையே சாய்த்துவிடும். எவ்வளவு என்று எழுதாத டப்பாவை நான் எப்படி நம்புவேன்?

இனி மீன் எண்ணெய். உவரித் தம்பி, கிரீன்லாந்துக் கதை எப்படி வந்தது என்றால், 1970-களில் பாங், டயர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் எஸ்கிமோக்களின் ரத்தக் கொழுப்பையும் உணவையும் அளந்தார்கள். அதிலிருந்துதான் மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு பற்றிய பேச்சே பிறந்தது. மாரடைப்பு எத்தனை பேருக்கு வருகிறது என்று அவர்கள் நேராக எண்ணிப் பார்க்கவில்லை. பின்னால் திரும்ப ஆராய்ந்தவர்கள், அங்கேயும் இதய நோய் மற்றவர்களைப் போலவே இருந்திருக்கிறது என்றார்கள். ஆச்சி கொடுத்த சுறா ஈரல் எண்ணெய் வேறு சங்கதி. அதில் வைட்டமின் ஏ மிகுதி. குறைபாடு உள்ள குழந்தைக்கு ஒரு கரண்டி நல்லது செய்திருக்கும். 64 வயதுக்காரர் மாதக்கணக்கில் குடித்தால் ஈரலுக்குக் கேடு. அன்பாகச் சொல்கிறேன் தம்பி, வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஒமேகா-3 பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இத்தாலியில் 1999-ல், மாரடைப்பு வந்த 11,324 பேரில் தினம் ஒரு கிராம் எடுத்தவர்களிடம் சாவு குறைந்தது. அது ஸ்டாட்டின் என்கிற கொழுப்பு மாத்திரைகள் இந்த அளவுக்குப் பரவாத காலம். ஸ்டாட்டின் பரவிய பிறகு அந்த ஒரு கிராம் எடுபடவில்லை. 2018-ல் அமெரிக்காவில் 25,871 பேரிடமும், பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளிடமும் செய்த சோதனைகளில், மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த மொத்தக் கணக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. கடையில் விற்கிற குளிகை அதைவிடக் குறைவு: 1,000 மில்லிகிராம் என்று போட்டிருக்கும், சின்ன எழுத்தில் பார்த்தால் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

சுத்தம் செய்த இ.பி.ஏ. மட்டும் வேறு பாதையில் போயிருக்கிறது. ஜப்பானில் 18,645 பேரிடம் ஸ்டாட்டினோடு சேர்த்து தினம் 1.8 கிராம் கொடுத்தார்கள், இதயக் கோளாறுகள் 19 சதவீதம் குறைந்தன. அப்புறம் ரெட்யூஸ்-இட் என்ற சோதனை, முடிவு 2018-ல் வந்தது. ஸ்டாட்டின் எடுத்தும் ட்ரைகிளிசரைடு இறங்காத 8,179 பேர். தினம் 4 கிராம். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 22.0 சதவீதத்திலிருந்து 17.2 சதவீதமாக இறங்கின. அமெரிக்கா 2019 டிசம்பரில் இதற்காக அனுமதியும் கொடுத்தது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக்குக் கொடுத்த எண்ணெய் மினரல் ஆயில். அதை எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் ஏறியது, அதனால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. 2020-ல் வந்த ஸ்ட்ரெங்த் சோதனையில், 13,078 பேரிடம், இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்த 4 கிராம் ஒரு பலனும் தரவில்லை. அதோடு இந்த அளவுக்குப் போகும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகிற நோய் கொஞ்சம் கூடுகிறது. ரெட்யூஸ்-இட்டில் அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 3.1 சதவீதம், மற்றவர்கள் 2.1. பைபாஸ் ஆனவர்களில் பலருக்கு இந்தத் துடிப்புக் கோளாறு ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கும். எனவே இது டாக்டர் முடிவு செய்ய வேண்டிய மருந்து. கடைக் குளிகையில் அந்த 4 கிராமை எட்ட வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் விழுங்க வேண்டியிருக்கும்.

அப்பாவின் 131-ஐ இறக்கப் போவது அந்த உடைக்காத பத்து மாத்திரைதான். அதுவும் ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம், ஜப்பானில் 1970-களில் அகிரா எண்டோ கண்டுபிடித்த வழியில் வந்தது. இயற்கை என்றால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் இதையும் சொல்லிப் பாருங்கள்.

பாசி பெண் எழுதியது:

அக்கா, நான் ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் படிக்கிறேன், ஆராய்ச்சி கட்டக்கோரையில். பழுப்புப் பாசி, விஞ்ஞானப் பெயர் சர்காசம். அண்ணாச்சி சொல்லாமல் விட்டதை மட்டும் சொல்கிறேன்.

கட்டக்கோரையில் ஃபுகோய்டான் என்று கந்தகம் சேர்ந்த ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. சுவீடனில் கைலின் என்பவர் 1913-ல் பிரித்தெடுத்தார். சோதனைக் குழாயில் ஹெப்பாரின் மாதிரியே வேலை செய்யும், ரத்தம் உறைவதைத் தள்ளிப்போடும். நான் எடுக்கும் முறை இது: பாறையில் பறித்த பாசியைக் கடல் தண்ணீரிலேயே அலசி மணலை எடுத்து, நிழலில் காயவைத்து, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து நிறத்தை நீக்கி, சுடுதண்ணீரில் இறக்கி, கால்சியம் குளோரைடு போட்டு, பாசியில் இருக்கிற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியான அல்ஜினேட்டைத் தனியே திரளவைத்து வடிகட்டி, மிச்சத்தில் மறுபடி ஆல்கஹால் ஊற்றினால் வெளிர் பழுப்பில் பஞ்சு மாதிரி மிதந்து வரும். அந்தப் பஞ்சை முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஒரே பாறையில் மாதம் மாறிப் பறித்தால் கந்தக அளவும் மாறுகிறது. கந்தகம் மாறினால் வீரியம் மாறும். நான் ஒவ்வொரு முறையும் அளந்துதான் எழுதுகிறேன். அந்த டப்பாக்காரர்கள் அளந்தார்களா? மேலும் இது பெரிய மூலக்கூறு, வாய்வழியாகப் போனால் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். எலியில் கொழுப்பைக் குறைத்தது என்பதையும் மனிதரின் மாரடைப்பைத் தடுத்தது என்பதையும் ஒன்றாக்கக் கூடாது.

அல்ஜினேட்டின் கதையும் அப்படித்தான். மாரடைப்பு வந்தவர்களின் இதயத்தில் அதைச் செலுத்தி, காயப்பட்ட தசைக்கு முட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தார்கள். விலங்குகளில் அருமையாக வந்தது. 303 நோயாளிகளிடம் சோதித்து 2016-ல் முடிவு வந்தபோது, இதயம் விரிவதை அது தடுக்கவில்லை.

நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. சீனாவில் அல்ஜினேட்டை வேதிமாற்றம் செய்து 1980-களிலிருந்து மருந்தாகவே கொடுக்கிறார்கள். 1947-ல் தொடங்கி, பல வருடம் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து, இப்போது கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பாசியிலிருந்து கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 'கடல்மின்' என்ற பெயரில் சாறு தயாரித்திருக்கிறது. அது துணை உணவு வகை, டாக்டர் தந்த மருந்துக்கு மாற்று கிடையாது. கரையில் ஒதுங்கும் கோரையை அள்ளிப் பொடித்துச் சாப்பிடுவது அதைவிட மோசம். இந்தப் பாசிகள் ஆர்சனிக்கை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அயோடினும் மிகுதி. தைராய்டு கெடும்.

கடல் அட்டை என்று லேபிளில் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிற உயிர் அது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். உண்மையில் அட்டை இருந்தால் சட்டச் சிக்கல், இல்லையென்றால் லேபிள் பொய். அதிலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெருமணல் மண்சட்டி எழுதியது:

மகளே, என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம். நான் சமையலை மட்டும் சொல்கிறேன். வாரம் இரண்டு நாள் சாளையோ அயிலையோ வாங்கு. சாளை ஒரு கூறு வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும், நெய்மீன் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சாளையில் கொழுப்பு ஏறும் காலத்தில் சட்டியில் எண்ணெயே ஊற்ற வேண்டியதில்லை, கொதிக்கும்போது தானாக மேலே மஞ்சளாக மிதக்கும். மாங்காய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய் அரைப்பு பாதி. வாழை இலையில் வைத்துச் சுட்டும் கொடுக்கலாம். முறுகப் பொரித்தால் மீனின் எண்ணெய் போய் சட்டி எண்ணெய்தான் உள்ளே வரும்.

கருவாடும் மாசியும்தான் உங்கள் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும். என்னவருக்கும் அப்படித்தான். இரண்டு தண்ணீரில் ஊறவைத்தாலும் உப்பு முழுசாக இறங்காது. இப்போது மாதம் ஒரு நாள், அதுவும் குழம்பில் வேறு உப்பே போடாமல்.

கூடுதாழை மகள் எழுதியது:

உங்கள் எல்லாருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்து நேராக ஊருக்குப் போனேன். ஈறில் ரத்தம் வருவதை டாக்டரிடம் போனில் சொல்லியாகிவிட்டது, டப்பாவை நிறுத்திவிட்டு வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அண்ணாச்சி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புரோட்டமின் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கையை நெஞ்சுத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார். மீன் ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு நர்ஸ் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. "அந்த மீனு எந்தக் கடலு? நம்ம பக்கம் வராதா?" என்று கேட்டார். வராது, குளிர்ந்த கடல் மீன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அட்டையை எடுத்து, ஒரு குமிழை அவரே உடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடுகிறார், மாத்திரை மறந்துபோகிறது. காலையில் கொடுக்கலாமா? டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

முருகன்குறிச்சி அண்ணாச்சி எழுதியது:

அட்டையில் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் என்று இருந்தால் எந்த நேரத்திலும் போடலாம், தினம் ஒரே நேரமாக இருந்தால் போதும். கரையிலிருந்து திரும்பி வந்து காலைச் சாப்பாட்டோடு போடலாமா என்று வியாழக்கிழமை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். துடிப்புக் கோளாறு எப்போதாவது வந்ததா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள், ட்ரைகிளிசரைடு பற்றிப் பேசும்போது அது வேண்டும்.

டப்பாவைப் போட்டுவிடாதீர்கள். மூடியோடு அப்படியே கொண்டுபோங்கள். எத்தனை குளிகை சாப்பிட்டார் என்று எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.